ஒரு வளையமும் இருபது மீட்டர் கம்பியும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்க வீட்டு மொட்டைமாடியில இருக்கு. தண்ணி டேங்க் பக்கத்துல ஆரம்பிச்சு, எதிர் மூலையில நட்ட மூங்கில் வரைக்கும் போய், அங்கேருந்து மடங்கித் தோட்டத்துத் தென்னை மரத்துல முடியுற ஒரு கம்பி. மொத்தம் இருபது மீட்டர்.

கீழ்வீட்டு மாமி மேலே வந்து பார்த்துட்டு, "துணி காயப்போடவா தம்பி?"ன்னு கேட்டாங்க. "இல்ல மாமி, ஆன்டெனா"ன்னேன். "கேபிள்காரன் வரலியா?"ன்னுட்டுப் போயிட்டாங்க. :-)

ஹாம் ரேடியோ பத்தி முன்னாடியே ஒரு பதிவுல எழுதியிருக்கேன். அரசாங்கப் பரிட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, சொந்தமா ஒரு பெட்டி வச்சு ஊர் ஊராப் பேசுற பொழுதுபோக்கு. இந்தப் பதிவு அந்தப் பெட்டியைப் பத்தி இல்லை. பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவுல உக்காந்திருக்கிற ஒரு சின்ன வளையத்தைப் பத்தி. அது நம்மூருக்கு வந்து சேர்ந்த கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல பிரச்சனை என்னன்னு பாத்துடுவோம்

ஒரு அலையோட பாதி நீளத்துக்குக் கம்பி கட்டினா அது அந்த அலைக்கு நல்லாப் பாடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 20 மீட்டர். வழக்கமா இந்தக் கம்பியை நடுவுல வெட்டி, அங்கே ஒயரைக் கொடுப்பாங்க. அதுக்குப் பேர் டைபோல். நடுவுல அதோட எதிர்ப்பு சுமார் 50லேருந்து 75 ஓம். நம்ம பெட்டிக்கும் 50 ஓம் தான் பழக்கம். சண்டை சச்சரவு கிடையாது.

ஆனா தாம்பரம் மாதிரி இடத்துல பத்து மீட்டர் தள்ளி அந்தரத்துல நடுப்புள்ளி எங்கே கிடைக்கும்? அங்கே அடுத்தவர் வீட்டு மாடி இருக்கும். நமக்குக் கைக்கு எட்டுறது கம்பியோட ஒரு முனைதான். அந்த முனையில எதிர்ப்பு 50 ஓம் இல்லை, ரெண்டாயிரம் மூவாயிரம் ஓம்னு இருக்கும். கம்பியோட உயரம், தடிமன், பக்கத்துச் சுவரு எல்லாத்தையும் பொறுத்து மாறும்.

குடத்துத் தண்ணியை பாட்டில்ல ஊத்துற மாதிரி நிலைமை. நேரா ஊத்தினா முக்கால்வாசி திரும்பி நம்ம கால்லதான் கொட்டும். ஒரு புனல் வேணும். அந்தப் புனல்தான் மேட்சிங் டிரான்ஸ்பார்மர்.

திரும்பிக் கொட்டுற தண்ணி எவ்வளவுன்னு காட்டுற மீட்டருக்குப் பேர் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர். 1 காட்டினா ஒண்ணுமே திரும்பலைன்னு அர்த்தம். இந்த மீட்டரை ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில இது என்னை நல்லா ஏமாத்துச்சு.

ஆகாயக் கப்பலும் நரியும்

முனையில கரண்ட் கொடுக்கிற யோசனை புதுசு இல்லை. 1909ல ஹான்ஸ் பெக்கரோன்னு ஒரு ஜெர்மன்காரர் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். எதுக்குத் தெரியுமா? செப்பலின் ஆகாயக் கப்பலுக்கு. பையிலே ஹைட்ரஜன் வாயுவை நிரப்பிக்கிட்டுப் பறக்கிற கப்பல். முனையில எதிர்ப்பு அதிகம்னா வோல்டேஜும் அதிகம். கப்பல் பக்கத்துல ஒரு பொறி பறந்தாலும் கதை முடிஞ்சது. அதனால ரெண்டு இணைக் கம்பி வழியா சக்தியைக் கீழே கொண்டுபோய், அங்கேருந்து ஆன்டெனாக் கம்பியைத் தொங்கவிட்டார். இன்னிக்கும் ஹாம்கள் அதை "செப்" ஆன்டெனான்னு தான் சொல்றாங்க.

அடுத்து வந்தவர் ஆஸ்திரியாக்காரர், யோசெஃப் ஃபுக்ஸ். 1920களோட கடைசியில இவர் இணைக் கம்பியையே தூக்கிட்டார். ஒரு காயில், அதுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர். ரெண்டையும் டியூன் பண்ணி, ஒரு பக்கம் கம்பி முனையைச் சொருகிட்டார். அவ்வளவுதான். ஃபுக்ஸ்னா ஜெர்மன்ல நரியாம். நரித்தந்திரம்தான், ஒத்துக்கணும்.

நரித்தந்திரத்துல ஒரே ஒரு தொல்லை. அலைவரிசை மாறினா கண்டென்சரைத் திருப்பித் திருப்பி மறுபடி டியூன் பண்ணணும். பெட்டிக்குப் பக்கத்துலயே இருக்கணும், கை வைக்கணும். மாடியில மழையில நனைய விட்டுட்டு வர முடியாது.

மெட்ராஸ் அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தது?

சும்மா இல்லை. 1924 மே 16ல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சாங்க. சி.வி.கிருஷ்ணசாமி செட்டிங்கிற எஞ்சினியர்தான் அதுக்கு உயிர். அதே வருஷம் ஜூலை 31ல ஒலிபரப்பே தொடங்கிட்டாங்க. 40 வாட் டிரான்ஸ்மிட்டர். நம்ம மாடியில எரியுற பழைய குண்டு பல்பு அளவு சக்தி! அரசாங்கம் செய்யலை, கம்பெனி செய்யலை. சங்கம் வச்ச ஆர்வக்கோளாறுகள் செஞ்சது. 1927ல காசில்லாம கடையை மூடி, கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்தாங்க. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1லேருந்து அதை நடத்துச்சு. 1938 ஜூன் 16ல ஆல் இந்தியா ரேடியோ வந்து எடுத்துக்கிச்சு.

1939ல உலகப்போர் வந்ததும் ஹாம் லைசன்ஸ் எல்லாம் ரத்து. டிரான்ஸ்மிட்டரை போலீஸ்ல ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. போர் முடிஞ்சு 1946 வாக்குல தான் மறுபடி லைசன்ஸ் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு நம்மூர் ஹாம் கையில இருந்தது என்ன? வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. மூளை இருந்தது. சாமான் இல்லை. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருத்தர் சொல்வார்: "சர்க்யூட்டைப் படிக்க ஒரு ராத்திரி போதும்பா. அதுல இருக்கிற ஒரு பார்ட்டைத் தேட ஒரு வருஷம்."

அவர் வீட்டுல முனையில கட்டின கம்பிதான். நரியோட வழி. பி.வி.சி பைப்புல சுத்தின காயில், பழைய வால்வு ரேடியோவுலேருந்து கழட்டின கேங் கண்டென்சர். ரெண்டுமே ஊர்ல கிடைக்கும். அதான் அந்த வழி.

துருவைச் சுட்டு ஒரு ஓடு

இப்போ வளையத்துக்கு வருவோம். டிரான்ஸ்பார்மரோட மூதாதையே ஒரு வளையம்தான். 1831 ஆகஸ்ட் 29ல மைக்கேல் பாரடே ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு பக்கம் கம்பி சுத்தி, ஒண்ணுல கரண்டை விட்டா இன்னொண்ணுல துடிக்குதுன்னு கண்டுபிடிச்சார்.

அப்படின்னா ரேடியோவுக்கும் இரும்பையே வச்சுக்கலாமே? முடியாது. இரும்பு கரண்டைக் கடத்தும். செகண்டுக்குப் பல லட்சம் தடவை திசை மாறுற காந்தப்புலத்துல இரும்புக்குள்ளயே சுழல் கரண்ட் ஓடி, எல்லாம் சூடாப் போயிடும். வேண்டியது காந்தத்துக்கு இடம் கொடுக்கிற, கரண்டுக்கு இடம் கொடுக்காத ஒரு பொருள்.

1930ல டோக்கியோவுல யோகோரோ கட்டோ, தகேஷி தகெய்னு ரெண்டு பேர் அதைக் கண்டுபிடிச்சாங்க. ஃபெரைட். இரும்பு ஆக்சைடு, அதாவது துருவோட சொந்தக்காரன். அதுல வேற உலோக ஆக்சைடுகளைக் கலந்து சூளையில வச்சுச் சுட்டா வர்ற கறுப்பு ஓடு. அதை வியாபாரம் பண்ணத்தான் 1935ல டி.டி.கே கம்பெனியே ஆரம்பிச்சாங்க. ஆமா, நாம பாட்டு பதிஞ்ச கேசட் கம்பெனியேதான்!

ஃபெரைட் நம்ம வீட்டுக்குள்ள எப்பவோ வந்தாச்சு. டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தா உள்ளே ஒரு கறுப்புக் குச்சி இருக்குமே, அது ஃபெரைட்.

அப்புறம் டி.வி. 1975 ஆகஸ்ட் 15ல சென்னை தூர்தர்ஷன் வந்தது. மாடிக்கு மாடி மீன்முள் ஆன்டெனா. அந்த ஆன்டெனா 300 ஓம். கீழே வர்ற வட்டக் கேபிள் 75 ஓம். ரெண்டையும் சேர்க்க விரல்நுனி அளவுக்கு ஒரு சாமான், "பேலன்". அதுக்குள்ள ரெண்டு ஓட்டை போட்ட குட்டி ஃபெரைட், அதுல நாலஞ்சு சுத்து மெல்லிசுக் கம்பி. அது ஒரு மேட்சிங் டிரான்ஸ்பார்மர்! 4:1 விகிதம். காக்கா உக்காந்து படம் ஆடுச்சுன்னா மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்பின நம்ம எல்லாரும், "இப்போ தெரியுதா? இப்போ?"ன்னு கத்தின நம்ம எல்லாரும், மேட்சிங் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல நின்னுதான் கத்தியிருக்கோம். தெரியாமலேயே.

குழாய் வாஷர்

இந்தப் பேலனை ஹாம்கள் விடுவாங்களா? 2000களோட தொடக்கத்துல ஹைதராபாத்துல அஷர் ஃபர்ஹான்னு ஒரு ஹாம் "பிட்எக்ஸ்"னு ஒரு டிரான்ஸீவரை வடிவமைச்சு எல்லாருக்கும் இலவசமா வெளியிட்டார். கொள்கை ஒண்ணே ஒண்ணு: இந்தியாவுல தெருமுனைக் கடையில கிடைக்காத எந்தச் சாமானும் இருக்கக் கூடாது. அமெரிக்க வடிவமைப்புல எல்லாம் விசேஷ டோராய்டு வளையம் கேப்பாங்க. இவர் அதுக்குப் பதிலா என்ன போட்டார் தெரியுமா? தண்ணிக் குழாய்க்குப் போடுற வாஷர்! அதுல கம்பியைச் சுத்திக் காயில் பண்ணிட்டார். டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்ட இடத்துக்கு டி.வி பேலன் கோர். வெளிநாட்டுக்காரங்களும் அதை விழுந்து விழுந்து கட்டினாங்க.

நானும் ரிச்சி தெருவுக்கும் ஹார்டுவேர் கடைக்கும் மாறி மாறி அலைஞ்சு ஒண்ணு கட்டினேன். கடைக்காரர், "வாஷர் இருபதா? வீட்டுல அத்தனை குழாயா ஒழுகுது?"ன்னு கேட்டார்.

இங்கதான் ஒரு நுணுக்கம். வாஷருக்குக் காந்த குணம் எதுவும் கிடையாது. வெறும் காத்து மாதிரி. டியூன் பண்ற காயிலுக்கு அது போதும். ஃபுக்ஸோட நரித்தந்திரத்துக்கும் போதும். ஆனா எந்த அலைவரிசைக்குப் போனாலும் கை வைக்காமலே வேலை செய்யணும்னா வாஷர் உதவாது, ஃபெரைட்தான் வேணும். மனுஷன் பக்கத்துல இருந்து திருகுற வேலையைத்தான் ஃபெரைட் எடுத்துக்கிச்சு. இந்த நூறு வருஷக் கதையோட சாரம் இதுதான்னு எனக்குத் தோணும்.

இப்போ உலகம் முழுக்க ஹாம்கள் பண்றது இது: 61 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு ஃபெரைட் வளையம், "43"ங்கிற ரகம். பெட்டி பக்கம் 2 சுத்து, கம்பி பக்கம் 14 சுத்து. சுத்து விகிதம் 7. எதிர்ப்பு விகிதம் அதோட வர்க்கம், 49. அதாவது 50 ஓம் உள்ளே போனா 2450 ஓம். பெட்டி பக்கத்துல ஒரு 100 பிகோஃபாரட் கண்டென்சர், மேல் அலைவரிசைகளைச் சரிக்கட்ட. ஒரே கம்பி 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் நாலுலயும் பாடும். 100 வாட் கொடுத்தா முனையில கிட்டத்தட்ட 500 வோல்ட். கை வைக்காதீங்க!

நான் ஏமாந்த கதை

அந்த 43 ரக வளையம் என்கிட்ட இல்லை. செத்துப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலேருந்து ஒரு பச்சை வளையம் கழட்டினேன். அதுவும் ஃபெரைட்தானே? 2 சுத்து, 14 சுத்து. மாடியில மாட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர் பார்த்தா 1.1! குதிச்சேன்.

ரெண்டு வாரம் கூப்பிட்டேன். காலையில 7 மெகாஹெர்ட்ஸ்ல தமிழ்க் குரல்கள் ஜோராக் கேட்கும். நான் கூப்பிட்டா, "யாரோ கீழே இருக்கீங்க போல, திரும்பச் சொல்லுங்க"ங்கிற பதில்தான் வரும். பீச் லைன் எலெக்ட்ரிக் ரயில் மேல பழி போட்டேன். பக்கத்து வீட்டு எல்.இ.டி பல்பு மேல பழி போட்டேன். மீட்டர்தான் 1.1 காட்டுதே!

ஒரு நாள் கம்பியைக் கழட்டிட்டு வளையத்தை மட்டும் மீட்டர்ல போட்டேன். பாட்டிலே இல்லாம புனல்ல ஊத்துற மாதிரி. எஸ்.டபிள்யூ.ஆர் வானத்துக்கு எகிறணும். எகிறலை. 2லயே நின்னுடுச்சு.

உக்காந்து கணக்குப் போட்டேன். 50 ஓம் பெட்டியில, ஆன்டெனா இல்லாமலே 2 காட்டினா, வளையமே 100 ஓம் மாதிரி நடந்துக்குதுன்னு அர்த்தம். ஆன்டெனாவையும் சேர்த்தா அழகா 50 ஓம் வருதுன்னா, ஆன்டெனாவும் டிரான்ஸ்பார்மர் வழியா 100 ஓமாத்தான் தெரியுது. ரெண்டு 100 ஓம் பக்கம் பக்கமா இருந்தா 50. மீட்டருக்கு ஏக சந்தோஷம். ஆனா சக்தி சரிபாதி வளையத்துக்குள்ள. என்னோட 10 வாட்ல 5 வாட் அந்தப் பச்சை வளையத்தைச் சூடாக்கிக்கிட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், இட்லி மாதிரி இருந்தது.

அந்தப் பச்சை வளையம் மாங்கனீஸ்-துத்தநாக ரகம். கீழ் அதிர்வெண்ணுக்குப் பண்ணது. 43 ரகம் நிக்கல்-துத்தநாகம். பார்க்க ரெண்டும் ஓடுதான்.

மீட்டர் பொய் சொல்லலை. திரும்பிக் கொட்டினது எவ்வளவுன்னு தான் நான் கேட்டேன், அதுவும் ஒண்ணும் கொட்டலைன்னு தான் சொல்லுச்சு. பாட்டில் நிறைஞ்சுதான்னு நான் கேக்கவே இல்லை.

அப்புறம்தான் ஒழுங்கா மாடல் பண்ணக் கத்துக்கிட்டேன். கம்பியைக் கணக்குப் போட "நெக்"னு ஒரு நிரல் இருக்கு. அமெரிக்காவுல லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துல பண்ணது. ஆனா அதுக்குக் கம்பி தெரியும், ஃபெரைட் தெரியாது. வளையத்தைத் தனியா, தயாரிப்பாளர் கொடுக்கிற பொருள் அட்டவணையை வச்சு நாமதான் கணக்குப் போடணும். போட்டேன். 43 ரக வளையத்துலயும் 2 சுத்து போட்டா 7 மெகாஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு சக்தி வளையத்துக்குப் போகுது! 3 சுத்து, 21 சுத்துன்னு மாத்தினா விகிதம் அதே 49, நஷ்டம் பத்துல ஒண்ணாக் குறையுது. சும்மா கிடைக்கலை, கம்பி நீளமானதால 28 மெகாஹெர்ட்ஸ்ல கொஞ்சம் தகராறு பண்ணும். எனக்கு 7 தான் முக்கியம். 3 சுத்துதான் போட்டேன்.

2.5 டெசிபெல்

பாதியிலேருந்து பத்துல ஒன்பதுக்கு வந்தது எவ்வளவு பெரிய மாற்றம்? கணக்குப் பார்த்தா வெறும் 2.5 டெசிபெல். எஸ் மீட்டர்ல அரைக் கோடுகூட இல்லை. சத்தமே இல்லாத ராத்திரியில யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனா நமக்குச் சத்தமில்லாத ராத்திரி தேவைப்படுறதில்லையே. 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கிற ஹாம் தன் குழுவோட போர்ட் பிளேருக்குப் போயிருந்தாங்க. பல வருஷமா அந்தமான்லேருந்து ஹாம் ஒலிபரப்பே இல்லாததால உலகமே அவங்க குரலுக்குக் காத்துக்கிட்டிருந்த நேரம். 26ம் தேதி காலையில சுனாமி. போன் செத்துப்போச்சு. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே பெட்டியை வச்சு, தீவுக்கும் நிலத்துக்கும் நடுவுல உயிரோட இருக்காங்களா இல்லையான்னு சேதி கடத்தினாங்க. அந்த மாதிரி நேரத்துல இரைச்சல் விளிம்புல ஒரு பேர் புரியுதா புரியலையாங்கிறதை 2.5 டெசிபெல் தீர்மானிக்கும். கம்பி கட்ட நேரம் இருக்காது. நடுப்புள்ளி தேட நேரம் இருக்காது. ஒரு முனையை மரத்துல வீசிட்டுக் கூப்பிடணும். அப்போ வளையம் தின்னக் கூடாது.

அதான் இந்தப் பதிவே. 1924ல மெட்ராஸ்ல 40 வாட்டை வச்சு ஊரைக் கூப்பிட்டாங்க. சாமான் இல்லாத காலத்துல வாஷரை வச்சுச் சமாளிச்சாங்க. இப்போ சாமான் கிடைக்குது, அளக்கவும் சல்லிசான கருவி வந்தாச்சு. இனிமே சாக்கு சொல்ல முடியாது.

போன வாரம் கோயம்புத்தூர்லேருந்து ஒரு குரல். "தாம்பரம், நல்லாக் கேக்குது. பின்னாடி ரயில் போகுது போல?"ன்னார். ஜன்னல் வழியா வந்த ஹாரன்கூட மைக்ல ஏறிப் போய்ச் சேர்ந்திருக்கு. :-)

அந்தப் பச்சை வளையத்தைத் தூக்கிப் போடலை. மேஜை மேல மீட்டர் பக்கத்துலயே வச்சிருக்கேன். எல்லாம் சரின்னு மீட்டர் காட்டும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துக்கறேன்.

டிஸ்கி: லைசன்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட் பண்ணாதீங்க மக்களே. கேக்கணும்னு ஆசைன்னா யார் வீட்டு மாடிக்கு வேணா வந்து கம்பி கட்டித் தர்றேன், காபி மட்டும் போதும். உங்க வீட்டுப் பரண்ல பழைய டி.வி பேலன் கிடந்தா குப்பையில போடாதீங்க, பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க.